டோக்கியோவில் இருந்துகொண்டு ஊர் சுற்றுவதும் படம் எடுப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் கணவரும் டோக்கியோவின் கிழக்குப் பக்கம் நிஷி-கசாயில் குடியிருக்கிறோம். இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதி. மளிகைக் கடையில் பருப்பு எடுக்கும்போதும், குழந்தைகளின் பிறந்தநாள் விருந்திலும், வாட்ஸாப்பிலும் திரும்பத் திரும்ப இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்து, எங்களுக்குத் தெரிந்த பதில்களை எழுதி வைத்திருக்கிறேன். நாங்கள் இருவரும் தொழில்முறைப் படக்காரர்கள் அல்ல. அவருக்கு மலையும் ஏரியும், எனக்குத் தெருவும் ரயிலும். கட்டணமும் விதிகளும் மாறக்கூடியவை, கிளம்புமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்க. இவ்வளவு சுத்த நேரம் எப்படிக் கிடைக்குது?

பெரும்பாலும் ஒருநாள் பயணம்தான். சனிக்கிழமை விடியற்காலை முதல் ரயிலில் கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். டோக்கியோவில் முதல் ரயில்கள் ஐந்து மணி வாக்கில் ஓடத் தொடங்கும். அந்த ரயிலைப் பிடித்தால் கூட்டம் வருவதற்குள் இடத்தைப் பார்த்துவிடலாம், படத்துக்கு ஏற்ற வெளிச்சமும் அப்போதுதான் இருக்கும்.

ஜப்பானில் ஆண்டுக்கு 16 தேசிய விடுமுறைகள். இவற்றோடு இரண்டு மூன்று நாள் லீவு சேர்த்தால் நீண்ட பயணங்களும் சாத்தியம். ஆனால் ஏப்ரல் கடைசியில் தொடங்கும் கோல்டன் வீக், ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் ஓபோன், அப்புறம் புத்தாண்டு ஆகிய மூன்று காலங்களில் நாங்கள் ஊரைவிட்டு நகர்வதில்லை. மொத்த நாடும் அப்போதுதான் பயணம் போகும். தங்கும் இடங்களில் சனி இரவு வாடகை ஏறியிருக்கும், ஞாயிறு இரவு இறங்கிவிடும். திங்கட்கிழமை லீவு போட முடிந்தவர்களுக்கு அது லாபம்.

இப்பதான் வந்திருக்கோம். முதல்ல எங்க போகலாம்?

எல்லோரும் கியோட்டோ என்று கிளம்புகிறார்கள். நான் காமகுராவைச் சொல்வேன். டோக்கியோ ஸ்டேஷனில் இருந்து யோகோசுகா லைனில் ஒரு மணி நேரம். 11 மீட்டருக்கு மேல் உயரமான வெண்கல புத்தர் கூரையில்லாமல் வெட்டவெளியில் உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்துவிட்டு எனோதென் என்ற குட்டி ரயிலில் கடலோரமாக எனோஷிமா தீவுக்குப் போகலாம். வீடுகளுக்கு இடையே உரசாத குறையாக அந்த ரயில் போகும், கேமராவுக்கு நல்ல தீனி. எனோஷிமாவில் இருக்கும் பென்சாய்தென் வேறு யாருமில்லை, நம் சரஸ்வதிதான். கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற வாத்தியம்.

அதுவும் தூரம் என்றால் நம் வீட்டுப் பக்கத்திலேயே கசாய் ரின்காய் பூங்கா இருக்கிறது. 117 மீட்டர் உயர ராட்டினம், கடற்கரை, பறவைகள். தெளிவான குளிர்கால மாலையில் அங்கிருந்தே ஃபுஜி மலை தெரியும். புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் மூன்று நான்கு வாரம் அங்கேயே பழகிவிட்டு வெளியூர் போவது நல்லது. வெளிநாட்டில் வசிப்பவருக்கும் சுற்றுலா வந்தவருக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். சுற்றுலா வந்தவருக்கு அந்த ஒரு நாள் மழை பெய்தால் போச்சு. நமக்கு அடுத்த சனிக்கிழமை இருக்கிறது.

ஜேஆர் பாஸ் வாங்கினா லாபம்தானே?

நமக்கு அது கிடைக்காது. ஜப்பான் ரயில் பாஸ் குறுகிய காலப் பார்வையாளர் அந்தஸ்தில் வரும் வெளிநாட்டவருக்கு உரியது. வேலை விசாவிலோ குடும்ப விசாவிலோ இருப்பவருக்கு இல்லை.

ஆனால் வட்டாரப் பாஸ்களில் சில, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இருந்தால் இங்கே வசிப்பவருக்கும் உண்டு. டோக்கியோ வைட் பாஸ் அப்படிப்பட்டது. தொடர்ந்து மூன்று நாள் நிக்கோ, கருய்சாவா, ஃபுஜி அடிவாரத்தில் இருக்கும் கவாகுச்சிகோ ஏரி என்று சுற்றலாம். மூன்று நாளும் தூரமாகப் போனால்தான் காசுக்குப் பெறும். ஒருநாள் பயணத்துக்கு இதை வாங்கி வைத்துவிட்டு மற்ற இரண்டு நாள் வீட்டில் தூங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

செய்ஷுன் 18 டிக்கெட்ல அஞ்சு பேர் சேர்ந்து போகலாம்னு சொல்றாங்களே?

அது சாதாரண ரயில்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கும் டிக்கெட். ஐந்து பேர் என்பது பழைய கதை. 2024 குளிர்காலத்தில் விதியை மாற்றிவிட்டார்கள். இப்போது ஒரு டிக்கெட்டில் ஒருவர்தான், அதுவும் தொடர்ச்சியான நாட்களில். மாற்றம் வந்தபோது மூன்று நாளுக்கு 10,000 யென், ஐந்து நாளுக்கு 12,050 யென் என்று வைத்தார்கள். கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும். பெயரில் 18 இருந்தாலும் வயது வரம்பு கிடையாது.

ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலிலும் சிறப்பு விரைவு ரயில்களிலும் செல்லாது, சாதாரண ரயில்கள் மட்டும். அதனால் ஒரு ஊருக்குப் போய்ச் சேருவதற்கு அரை நாள் ஆகலாம். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போவது பிடிக்கும் என்றால் வாங்குங்கள். மலையோரத்தில் யாருமே இறங்காத ஸ்டேஷனில் அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரம் காத்திருப்பது எனக்குப் பிடிக்கும். கணவருக்குப் பிடிக்காது.

மூணு தடவை போயும் ஃபுஜி தெரியவே இல்லை. நாங்க என்ன பண்ணணும்?

எந்த மாதம் போனீர்கள் என்று கேட்டால் பதில் அநேகமாக ஜூலை, ஆகஸ்ட் என்றுதான் வரும். கோடையில் ஈரக் காற்றும் மேகமும் மலையை மறைத்துக்கொண்டே இருக்கும். தெரிந்தாலும் பனி இல்லாத பழுப்பு மலைதான். டிசம்பரில் இருந்து பிப்ரவரி வரை காற்று வறண்டிருக்கும், 3776 மீட்டர் மலையும் அடி முதல் நுனி வரை வெட்டவெளிச்சமாக நிற்கும். காலை ஒன்பது மணிக்குள் பார்த்துவிடுங்கள், வெயில் ஏற ஏற மேகம் கூடும். வெள்ளை உச்சிக்காக அக்டோபரை நம்பிப் போகாதீர்கள். சராசரியாக அக்டோபர் தொடக்கத்தில் முதல் பனி விழும் என்றாலும் 2024இல் நவம்பர் 7 வரை இழுத்தது. 1894இல் பதிவு தொடங்கியதில் இருந்து அவ்வளவு தாமதம் ஆனதில்லை.

எங்கள் வழக்கம் இதுதான்: முதல் நாள் இரவு வானிலை பார்ப்போம், விடியற்காலை எழுந்ததும் ஏரிக்கரை நேரலைக் கேமராவைப் பார்ப்போம். மலை தெரிந்தால்தான் செருப்பைப் போடுவோம். ஷின்ஜுகுவில் இருந்து கவாகுச்சிகோவுக்குப் பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஃபுஜி காய்யூ ரயிலில் எல்லாமே முன்பதிவு இருக்கைகள், வார இறுதியில் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஐந்து மாடிப் பகோடாவும் ஃபுஜியும் ஒன்றாக வரும் அந்தப் புகழ்பெற்ற படம் வேண்டுமென்றால் ஷிமோயோஷிதாவில் இறங்கி 398 படி ஏற வேண்டும்.

சூரியன் சரியாக உச்சியில் உட்காருவதைப் போன்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள், அதற்கு டைமண்ட் ஃபுஜி என்று பெயர். இதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை, எல்லாம் கணக்குதான். எந்த நாளில் எந்தக் கரையில் நின்றால் தெரியும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். யமனகா ஏரியில் அக்டோபர் நடுவில் இருந்து பிப்ரவரி கடைசி வரை மாலை வேளையில் கரையோரம் இடம் மாறி மாறி வரும். தனுகி ஏரியில் ஏப்ரல் 20, ஆகஸ்ட் 20 வாக்கில் காலையில். சூரியன் உச்சியைத் தொடுவது சில நிமிடம்தான். முன்னதாகவே கேமராவை நிலைநிறுத்தி, துளையைச் சிறிதாக்கி வையுங்கள். எஃப் 16 வைத்தால் கதிர்கள் கூர்மையாகப் பிரியும். வியூஃபைண்டர் வழியாக நேரடியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள், திரையில் பாருங்கள்.

சகுரா, அதான் செர்ரிப் பூ பார்க்க டிக்கெட் எப்ப போடணும்?

டோக்கியோவுக்கு மட்டும் என்றால் டிக்கெட்டே வேண்டாம், காத்திருங்கள். யாசுகுனி ஆலய வளாகத்தில் உள்ள ஒரு மாதிரி மரத்தில் ஐந்தாறு பூ மலர்ந்ததும் வானிலை ஆய்வு மையம் பூப்புத் தொடங்கியதாக அறிவிக்கும். அது 2023இல் மார்ச் 14, 2024இல் மார்ச் 29, 2025இல் மார்ச் 24. இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்தாலே ஆறு மாதம் முன்பு ஹோட்டல் போடுவது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்று புரியும். அறிவிப்பு வந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் முழுமலர்ச்சி. பிறகு ஒரு காற்று மழை அடித்தால் முடிந்தது.

தவறவிட்டால் வருத்தப்படாதீர்கள். பூ வடக்கு நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். ஹிரோசாகி கோட்டையில் ஏப்ரல் கடைசி வாக்கில், ஹொக்கைடோவில் மே தொடக்கத்தில். அவசரக்காரர்களுக்கு இசு தீபகற்பத்துக் கவாசு ரகம் பிப்ரவரியிலேயே பூக்கும், கொஞ்சம் அடர்ந்த ரோஸ் நிறம்.

படம் எடுக்கும்போது ஒன்று: வெளுத்த வானத்தின் கீழ் சகுரா எடுத்தால் பூ அழுக்குச் சாம்பலாக வரும். கேமரா வெள்ளையைக் கண்டால் வெளிச்சம் அதிகம் என்று எண்ணி இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு புள்ளி கூட்டுங்கள். பனிக்கும் இதே வைத்தியம்.

இலையுதிர் காலம் எங்க நல்லா இருக்கும்?

மேலே சகுராவுக்குச் சொன்ன கணக்கைத் தலைகீழாக்குங்கள். இலைச் சிவப்பு வடக்கிலும் மலை உச்சியிலும் தொடங்கிக் கீழே இறங்கும். நிக்கோவின் மேல்பகுதியில் அக்டோபர் நடுவிலிருந்து, கியோட்டோவில் நவம்பர் பிற்பகுதியில், டோக்கியோவின் மெய்ஜி ஜிங்கூ காய்என் மஞ்சள் கிங்கோ வரிசை நவம்பர் கடைசியில். நிக்கோவில் 48 வளைவுகள் கொண்ட இரோஹா மலைச்சாலை சீசனில் மணிக்கணக்காக நிற்கும், அதற்குத் தயாராகப் போங்கள். மேலே 97 மீட்டர் கேகோன் அருவி அந்தக் களைப்பைப் போக்கிவிடும். இலைகளைக் கீழே நின்று, வெயிலுக்கு எதிராக எடுங்கள், ஒளி ஊடுருவி வரும்.

என்ன கேமரா வாங்கலாம்கா? போன் போதாதா?

பகல், மனிதர், சாப்பாடு, தெரு இதற்கெல்லாம் போன் தாராளம். தூரத்து மலை, இரவு, ஓடும் ரயில் என்று ஆசை வந்தால்தான் கேமரா. கடைக்குப் போய்க் கையில் பிடித்துப் பார்த்து, எடை தாங்குமா என்று முடிவு செய்யுங்கள். மலைப்படி ஏறும்போது நூறு கிராம் வித்தியாசம் தெரியும்.

கணவன் மனைவி இருவரும் எடுப்பதாக இருந்தால் ஒரே கம்பெனி, ஒரே மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) வாங்குங்கள். லென்ஸ், பேட்டரி, சார்ஜர் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். ஒருவருக்கு அகலக் கோணம், மற்றவருக்குத் தூரம் பிடிக்கும் லென்ஸ் என்று பிரித்துக்கொண்டால் லென்ஸ் கழற்றி மாட்டும் வேலையும் குறையும். பயணத்துக்கு முன் இரண்டு கேமராக்களின் கடிகாரத்தையும் போன் நேரத்துக்கு ஒத்து வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் வீட்டுக்கு வந்து படங்களை ஒன்றாகக் கொட்டும்போது அருவிக்கு நடுவில் நூடுல்ஸ் வந்து நிற்கும்.

வாங்குவதற்கு முன் மெனுவைப் பாருங்கள். ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்கான சோனி மாடல்கள் பலவற்றில் ஜப்பானிய மொழி மட்டும்தான் இருக்கும், ஆங்கிலத்துக்கு மாற்ற வழியிருக்காது. இன்னொன்று, இங்கே வேலை பார்க்கும் நமக்கு வரிவிலக்கு கிடையாது, அது சுற்றுலாப் பயணிகளுக்கு.

பழைய கேமரா, லென்ஸ் வாங்கலாமா? ஏமாத்திட மாட்டாங்களா?

தைரியமாக வாங்கலாம். ஷின்ஜுகுவில் மேப் கேமரா, நகானோவில் ஃபுஜியா கேமரா போன்ற கடைகளில் ஒவ்வொரு பொருளுக்கும் தரம் போட்டு, கீறல் எங்கே, தூசி எங்கே என்று சீட்டில் எழுதி வைத்திருப்பார்கள். எழுதியதைவிட நிலைமை நன்றாக இருப்பதுதான் வழக்கம். ஜங்க் என்று எழுதிய கூடையில் இருப்பவற்றுக்கு மட்டும் எந்த உத்தரவாதமும் இல்லை.

லென்ஸ் வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்டு, போன் டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கத்தில் சாய்த்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல் மாதிரி மெல்லிய கோடுகள் கிளைவிட்டிருந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். இரண்டு மூன்று தூசித் துகள் இருந்தால் கவலையில்லை, படத்தில் தெரியாது. டோக்கியோவின் கோடைப் புழுக்கம் நம் சென்னைக்குச் சளைத்ததல்ல. ஈரப்பதமானி வைத்த காற்றுப்புகாத பெட்டியில், சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

இங்க வாங்கின போன்ல கேமரா சத்தத்தை நிறுத்தவே முடியலையே?

முடியாது. திருட்டுத்தனமாகப் படம் எடுப்பதைத் தடுக்க ஜப்பானில் விற்கும் போன்களில் ஷட்டர் சத்தத்தைக் கட்டாயமாக வைத்திருக்கிறார்கள். சட்டம் இல்லை, நிறுவனங்கள் தாங்களே ஏற்றுக்கொண்ட ஏற்பாடு. இந்தியாவில் வாங்கிய போனில் பெரும்பாலும் சத்தத்தை நிறுத்திவிடலாம், அதனாலேயே ரயிலுக்குள் அதைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். மற்றவர்கள் நெளிவார்கள்.

டிரைபாட் எடுத்துட்டுப் போகலாமா?

ஏரிக்கரை, மலை, கடற்கரைக்கு எடுத்துப் போங்கள். கோயில், பூங்கா, கோபுர உச்சி என்றால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், பெரும்பாலான இடங்களில் தடை. கியோட்டோ தோஃபுகுஜி கோயிலில் ஒற்றைக்கால் ஸ்டாண்டுக்கும் (மோனோபாட்) தடைதான். இலையுதிர் நெரிசலில் அங்கே பாலத்தின் மேல் நின்று படமே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள்.

இரவு டோக்கியோவை மேலிருந்து எடுக்க வேறு வழி இருக்கிறது. ஷின்ஜுகுவில் மாநகர அரசுக் கட்டடத்தின் 45வது மாடிக்கு அனுமதி இலவசம், உயரம் 202 மீட்டர். புன்க்யோ சிவிக் சென்டரின் 25வது மாடியும் இலவசம். அங்கிருந்து ஷின்ஜுகு கட்டடங்களும் பின்னால் ஃபுஜியும் ஒரே ஃபிரேமில் வரும். அறை விளக்கு கண்ணாடியில் தெரிவதுதான் தொல்லை. நான் கறுப்புத் துப்பட்டா எடுத்துப் போவேன். லென்ஸைக் கண்ணாடியில் மெதுவாக ஒட்டி, துப்பட்டாவால் சுற்றிலும் மூடி, மூச்சைப் பிடித்து எடுத்தால் பிரதிபலிப்பும் இல்லை, ஆட்டமும் இல்லை. இதற்கென்று கடையில் ரப்பர் குடை மாதிரி ஒன்று விற்கிறார்கள். துப்பட்டாவே போதும்.

கோயிலுக்குள்ள படம் எடுத்தா திட்டுவாங்களா?

வளாகத்தில் பொதுவாக எடுக்கலாம், கருவறைக் கட்டடத்துக்குள் பொதுவாகக் கூடாது. விதிவிலக்குகள் இரண்டு பக்கமும் உண்டு. நாராவில் தோதாய்ஜி பெரிய புத்தரை மண்டபத்துக்குள்ளேயே எடுக்கலாம். 752இல் அந்த புத்தருக்குக் கண் திறந்து வைத்தவர் இந்தியாவில் இருந்து வந்த போதிசேனர் என்ற துறவி. கியோட்டோ சன்ஜூசங்கென்தோவில் கன்னோன் என்ற அவலோகிதேசுவரரின் 1001 சிலைகள் அணிவகுத்து நிற்கும், முன்வரிசையில் நம் இந்திய தேவதைகளும் உண்டு. அங்கே ஒரு படம்கூடக் கூடாது. கோயாசான் என்ற மலைக் கோயில் நகரத்தில் ஓகுனோஇன் மயானக் காட்டில் எடுத்துக்கொண்டே போகலாம், கோபியோ பாலம் வந்ததும் கேமராவைப் பைக்குள் வைத்துவிட வேண்டும்.

பலகையில் தடை என்று இருந்தால் விவாதிக்காதீர்கள். ஃபிளாஷ் எங்குமே வேண்டாம். ரயில் பிளாட்பாரத்திலும் அப்படித்தான், ஓட்டுநர் கண்ணில் அடிக்கும். மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நின்று எடுங்கள்.

கிமோனோ போட்டவங்களை எடுக்கலாமா? கேட்காம எடுத்தா தப்பா?

தூரத்தில், முகம் தெரியாமல், தெருவின் ஒரு பகுதியாக வந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முகம் தெரிய எடுத்து வெளியிட்டால் அவருடைய உருவ உரிமை குறுக்கே வரும். நீதிமன்றங்கள் அதை ஏற்றுப் பல தீர்ப்புகள் சொல்லியிருக்கின்றன. கேமராவைக் காட்டி, தலையசைத்துக் கேளுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். மஞ்சள் தொப்பி போட்ட பள்ளிக் குழந்தைகள் எவ்வளவு அழகாக வரிசையில் போனாலும் எடுக்காதீர்கள்.

கியோட்டோ கியோன் தனிக் கதை. வேலைக்கு விரையும் மைகோக்களை (பயிற்சியில் இருக்கும் கெய்ஷாக்களை) சுற்றுலாப் பயணிகள் துரத்தியதால் 2019இல் தனியார் சந்துகளில் படம் எடுக்கத் தடை போட்டு, மீறினால் 10,000 யென் என்று பலகை வைத்தார்கள். 2024இல் அந்தச் சந்துகள் சிலவற்றில் நுழையவே கூடாது என்று ஆனது. பொதுச் சாலையில் நடக்கலாம். துரத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கே கோபம் வருகிறது, அங்கே குடியிருப்பவர்களுக்கு வராதா?

என் ட்ரோன் 249 கிராம்தான். அதுக்குப் பர்மிஷன் தேவையில்லைதானே?

இந்தியாவில் 250 கிராம் வரை சலுகை உண்டு, அதனால் வரும் குழப்பம். இங்கே எல்லை 100 கிராம். 2022 ஜூன் 20 முதல் அதற்கு மேற்பட்ட எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தாலும் வீடுகள் நெருக்கமான பகுதியில் பறக்கவிடத் தனி அனுமதி வேண்டும். டோக்கியோ நகரம் ஏறக்குறைய முழுக்க அப்படித்தான். பூங்காக்களும் கோயில்களும் தனியாகத் தடுத்திருக்கும். நாங்கள் வாங்கவில்லை.

நாங்க சுத்த சைவம். வெளியூர் போனா பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் முன்னேற்பாடு வேண்டும். கறி தெரியாமல் இருந்தாலும் சாறில் மீன் இருக்கும். சோபா, உதோன் நூடுல்ஸ், மிசோ சூப் எல்லாவற்றுக்கும் அடிப்படை தாஷி, அது பெரும்பாலும் உலர்ந்த கட்சுவோ மீனில் காய்ச்சியது. காய்கறி மட்டும் போட்ட தட்டிலும் இது ஒளிந்திருக்கும். கோன்பினி என்ற சிறு கடைகளில் உமே ஓனிகிரி (ஊறவைத்த உமே காய் வைத்த சோற்றுருண்டை) ஓரளவு பத்திரம், அதையும் உறைச்சீட்டைப் போனில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஒருநாள் பயணத்துக்கு எங்களுக்குப் புளிசாதம்தான். நிஷி-கசாயில் பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கிறது. ஷின்கான்செனில் பிரித்துச் சாப்பிடலாம், எல்லோரும் சாப்பிடுவார்கள். நகர ரயிலில் கூடாது. ஒருமுறையாவது முழு சைவ விருந்து வேண்டுமென்றால் கோயாசானில் மடத்தில் தங்குங்கள். 816இல் கூக்காய் நிறுவிய மலைநகரம். அங்கே பரிமாறும் ஷோஜின் உணவில் மீன், கறி, பூண்டு, வெங்காயம் எதுவும் இருக்காது. எள்ளில் செய்யும் வழுவழுப்பான கோமா தோஃபுவை விட்டுவிடாதீர்கள்.

ஊர்ல இருந்து அம்மா அப்பா வர்றாங்க. அவங்களை எங்க கூட்டிட்டுப் போகலாம்?

முதலில் ரயில் கணக்கு. அவர்கள் பார்வையாளர் விசாவில் வருவதால் மேலே சொன்ன ஜேஆர் பாஸ் அவர்களுக்குக் கிடைக்கும். ஆனால் கிடைக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள். ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னில் இருந்து 50,000 ஆகிவிட்டது. டோக்கியோவில் இருந்து கியோட்டோவுக்கு ஒரு வழி ஏறத்தாழ 14,000 யென்தான். கியோட்டோ போய்த் திரும்புவதற்கு மட்டும் என்றால் பாஸ் நஷ்டம். பிள்ளைகள் சாதாரண டிக்கெட்டிலும் பெற்றோர் பாஸிலும் தனித்தனியாகப் போகும் கூத்தும் வேண்டாம்.

பகோடாவின் 398 படிக்கு அவர்களை இழுக்காதீர்கள். கவாகுச்சிகோவின் வடகரையில் ஓய்ஷி பூங்கா சமதளம், பஸ் வாசலிலேயே நிற்கும், பெஞ்சில் உட்கார்ந்து ஃபுஜியைப் பார்க்கலாம். அசகுசாவில் செந்நிறக் கோயில் பார்த்ததும், நடை தூரத்தில் மட்சுசியாமா ஷோதென் போங்கள். ஷோதென் என்றால் நம் பிள்ளையார். மூலவரை வெளியே காட்ட மாட்டார்கள், ஆனால் வளாகம் எங்கும் முள்ளங்கியும் பணப்பையும் செதுக்கியிருக்கும். பக்தர்கள் முழு முள்ளங்கியை வாங்கிப் படைப்பார்கள். என் மாமியார் தேங்காய் இல்லையே என்று யோசித்துவிட்டு முள்ளங்கியே வாங்கி வைத்துக் கும்பிட்டார். ஷிபமாதாவில் தாய்ஷாகுதென் கோயிலும் உண்டு, அவர் இந்திரன். மரச் சிற்பங்கள் பிரமாதம்.

இந்தியாவுல எடுத்த இன்டர்நேஷனல் பர்மிட் வச்சு கார் ஓட்டலாமா?

நாட்டுக்குள் வந்த நாளில் இருந்து ஓராண்டு வரை ஓட்டலாம், நம்மூர் போல இடப்பக்கம்தான். இங்கே சிக்கல் என்னவென்றால், வசிப்பவர்கள் லீவில் ஊருக்குப் போய்ப் புது பர்மிட் வாங்கி வந்துவிட்டால் மறுபடி ஓராண்டு என்று நினைக்கிறார்கள். மூன்று மாதத்துக்குக் குறைவாக வெளியே இருந்துவிட்டுத் திரும்பினால் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்காது. ஓட்டினால் உரிமம் இல்லாமல் ஓட்டியது ஆகும்.

இந்திய உரிமத்தை ஜப்பானிய உரிமமாக மாற்ற எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. 2025 அக்டோபரில் எழுத்துத் தேர்வை 50 கேள்வியாக்கி, 90 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி என்று இறுக்கிவிட்டார்கள். காரோ ரயிலோ, குடியிருப்பு அட்டை எப்போதும் கையில் இருக்கட்டும், அது சட்டம்.

என் வீட்டுக்காரருக்குப் படம் எடுக்கப் பொறுமையே இல்லை. நான் நின்னா அவர் முறைக்கிறார். உங்களுக்குள்ள சண்டை வராதா?

வரும். வெளிச்சம் மாறும் என்று என் கணவர் ஒரே பாறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எனக்குக் குளிரும். இப்போது ஒரு ஏற்பாடு: காலை வெளிச்சம் அவருக்கு, மாலை எனக்கு, நடுப்பகல் சாப்பாட்டுக்கும் நடைக்கும். நடுப்பகல் வெயிலில் எடுத்தால் எப்படியும் படம் சப்பையாகத்தான் வரும்.

கேமராவே பிடிக்காதவருக்கு வேறு வேலை கொடுங்கள். பல ஸ்டேஷன்களில் அந்த ஊர் படம் போட்ட ரப்பர் ஸ்டாம்ப் இலவசமாக வைத்திருப்பார்கள், நோட்டில் குத்திக்கொள்ளலாம். கோயில்களில் 300 முதல் 500 யென் கொடுத்தால் கோஷுயின் என்று தூரிகையால் எழுதி, சிவப்பு முத்திரை வைத்துத் தருவார்கள். நீங்கள் கோபுரத்தை எடுத்து முடிப்பதற்குள் அவர் வரிசையில் நின்று வாங்கிவிடுவார். இருவரும் ஒரே படத்தில் வர வேண்டுமா? கழுத்தில் கேமரா மாட்டிய இன்னொரு ஜோடியைப் பார்த்து, முதலில் நாங்கள் உங்களை எடுத்துத் தருகிறோம் என்று சொல்லுங்கள். பதிலுக்கு அவர்கள் நிதானமாக எடுத்துத் தருவார்கள்.

பனியில கேமரா கெட்டுப்போகாதா?

பனியைவிட அறைக்குள் திரும்பும் நிமிடம்தான் ஆபத்து. குளிர்ந்த கேமராவைச் சூடான அறையில் திறந்தால் உள்ளேயும் வெளியேயும் நீர் கோக்கும். வெளியே இருக்கும்போதே ஜிப் பையில் போட்டு மூடி, அறைக்கு வந்து ஓரிரு மணி நேரம் அப்படியே விடுங்கள். மெமரி கார்டை மட்டும் முதலிலேயே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் படம் பார்க்கும் ஆசையில் பையைத் திறந்துவிடுவீர்கள். பேட்டரி குளிரில் மளமளவென்று இறங்கும், உபரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். ஷிரகாவாகோ என்ற பனி மலைக் கிராமத்தின் விளக்கலங்காரத்துக்கு முன்பதிவு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

எடுத்த படத்தையெல்லாம் என்ன பண்றீங்க?

வந்த வாரமே பாதிக்கு மேல் அழித்துவிடுவோம். மீதியை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுவோம், ஒன்று ஊரில் அப்பா வீட்டில் இருக்கிறது. பிரின்ட் எடுக்க வேண்டுமானால் கோன்பினி மெஷினிலேயே எடுக்கலாம். இங்கே சாதாரண அளவு எல் சைஸ், 89க்கு 127 மில்லிமீட்டர். ஆல்பமும் அந்த அளவிலேயே வாங்குங்கள்.

அந்தப் படத்தை எடுத்த இடத்தோட லொகேஷன் அனுப்புங்களேன்?

பொது இடம் என்றால் கட்டாயம் அனுப்புவேன். யாரோ ஒருவரின் வயலோரம், வீட்டு வாசல், குறுகிய தெரு என்றால் அனுப்ப மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹொக்கைடோ பியேயில் வயலுக்கு நடுவே சாய்ந்து நின்ற ஒரு மரம் இருந்தது, தத்துவ மரம் என்று பெயர். படம் எடுக்க வந்தவர்கள் பயிரை மிதித்துக்கொண்டே உள்ளே போனார்கள். மரமும் வயதாகித் தளர்ந்திருந்தது. 2016இல் விவசாயி வெட்டிவிட்டார்.

கவாகுச்சிகோவில் லாசன் கடைக்குப் பின்னால் ஃபுஜி நிற்கும் படத்துக்காகச் சாலையின் குறுக்கே ஓடுகிறார்கள் என்று 2024 மே மாதம் 2.5 மீட்டர் உயரத்துக்குக் கறுப்புத் திரை கட்டினார்கள். ஆகஸ்டில் புயலுக்காகக் கழற்றினார்கள், மறுபடி கட்டவில்லை. அந்தப் படம் வேண்டுமென்றால் போங்கள், நடைபாதையில் நின்று எடுங்கள், எதிரே இருப்பது பல் மருத்துவமனை என்பதால் அதன் வாசலை மறைக்காதீர்கள். பியேய் போவதாக இருந்தால் தார்ச்சாலையில் நின்றபடியே எடுங்கள். 70-200 தூர லென்ஸ் இருந்தால் வயலுக்குள் கால் வைக்கத் தேவையே இல்லை. லென்ஸ் இல்லாவிட்டால் கேளுங்கள், எங்களுடையதை இரவல் தருகிறோம்.